ஊறப்போட்ட கயிறு

சௌமிய வருஷம், ஆடி 1, புதன்

சென்னை ராஜ்ஜியம் என்ற பேர் போய்த் தமிழ்நாடு என்று ஆன வருஷம். பதினாலு பேங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, மனுஷன் நிலாவில் கால் வைத்தது, எங்கள் வீட்டில் மகள் மூக்கம்மாள் நடக்கப் பழகியது எல்லாம் அந்த வருஷம்தான். அதற்கு முந்தின ஆடியில் எங்கள் பொட்டலில் இரண்டு விமானம் நின்றது. இந்த ஆடியில் ஒன்று.

எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு. ஆனால் தினமும் பொழுது சாயும்போது அன்று நடந்ததை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பேன். அப்படிச் சொன்னது எதுவும் மறந்ததில்லை. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, அன்று நடக்கப் பழகிய அதே மூக்கம்மாள் நோட்டுப் போட்டு எழுதுகிறாள். அவளிடம் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறேன். அன்றன்று என்ன சொல்லிக்கொண்டேனோ அதுதான் அன்றைய பக்கத்தில் வரும். முன்னே ஓடிப்போய்க் கதையை உடைக்கக் கூடாது. அன்று வாயை மூடியிருந்த சங்கதி என்றால் பக்கத்திலும் மூடித்தான் இருக்கும்.

பணகுடிக்கு மேற்கே இரண்டு மைல். மலை வழிவிட்ட இடத்தின் வழியாக மேல்காற்று வந்து நேராக எங்கள் பொட்டலில் விழும். நெல்லுக்கு மருந்து தெளிக்கிற கம்பெனியின் விமானம் இங்கே நிற்கிறது. பெரிய விமானம் இல்லை. துணி போர்த்திய இறக்கை, அதற்குச் சாய்வாக முட்டுக் கொடுத்த கம்பி, முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த நாய் மாதிரி இருக்கும். நாலு வண்டி நீளம் ஓடினால் எழும்பிவிடும். ஆடியில் அதுகூட வேண்டாம். நின்ற இடத்திலேயே எழும்பப் பார்க்கும். அதை எழும்பவிடாமல் கட்டிவைப்பதுதான் என் வேலை.

எங்கள் குடும்பம் தேருக்குத் தடி போடுகிற குடும்பம். ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்துவோம், திருப்புவோம். கேப்டன் கோயில்பிள்ளை ஐயா ஒரு தேரோட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு, "உன் பேரென்னடே?" என்றார். வெயிலுகந்தான் என்றேன். "தேரையே நிறுத்துதியே, என் பிளேனை நிறுத்த மாட்டியா?" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று காற்று ஆரம்பம். சக்கரத்துக்கு எடுத்திருந்த இரண்டு குழியையும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். முன்சக்கரம் குழியில் இறங்கினால் மூக்கு தாழும். மூக்கு தாழ்ந்தால் இறக்கைக்குப் பறக்கிற நினைப்பு வராது.

ஆடி 2, வியாழன்

காற்று. என் துண்டு போய்விட்டது. கிழக்கே யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆடி 4, சனி

இப்போது கார் நெல்லில் பூச்சி விழுகிற சமயம். விடியும்போது காற்று கொஞ்சம் அசந்திருக்கும். அந்த நேரத்தில் கேப்டன் மேலேறி, களக்காட்டுப் பக்கம் தெளித்துவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார். எட்டேகாலுக்கு விமானம் குழியில் நிற்க வேண்டும், ஐந்து கயிறும் முளையில் கட்டியிருக்க வேண்டும். அதற்குமேல் காற்று யார் பேச்சையும் கேட்காது.

மெக்கானிக் மைதீன் பாய் வாலுக்குப் பலகைக் கவ்வி மாட்டினார். வால்தகடு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்துவைக்கிற மரக்கவ்வி அது. மாட்டிவிட்டு, வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார்.

"வெயிலு, இங்க வா. கவ்வி மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு பாய்."

"தொட்டுப் பாத்துச் சொல்லுலே. நாளைக்கு ஒரு வார்த்தை வந்துரக் கூடாது."

போன ஆடியில் அந்த இன்னொரு விமானம் முளையைப் பிடுங்கிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தது. மைதீன் பாய் கவ்வி மாட்டாததுதான் காரணம் என்று கம்பெனிக் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் அப்படி இருக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

சாயங்காலம் கேப்டனின் ரேடியோவில் பேங்குச் செய்தி வந்தது. "இனிமே பேங்கெல்லாம் நம்மளுதுடே" என்றார். ஆவுடை உடனே, "அப்ப பொட்டலுக்கு ஒரு கதவு போடச் சொல்லுங்க ஐயா, காத்து வருது" என்றாள். ஆவுடையம்மாள் என் சம்சாரம். பொட்டலில் மணல்மூட்டை நிரப்புகிற வேலை அவளுக்கு. வாயை நிரப்ப மட்டும் யாராலும் முடியாது.

ஆடி 6, திங்கள்

நிலாவில் இறங்கிவிட்டார்களாம். ரேடியோவைச் சுற்றி ஐந்தாறு பேர். கேப்டன் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

என் அண்ணன் ஐயம்பெருமாள் மாட்டுவண்டியில் தண்ணீர்ப் பீப்பாய் கொண்டுவருகிறவன். அவனுக்கு ஒரே சந்தேகம். "அங்க காத்து உண்டா?"

"இல்லையாம்" என்றார் கேப்டன்.

"அப்ப அது ஒரு வேலையா? காத்து இல்லாத எடத்துல எறக்குறதுக்கு என்ன? இங்க வந்து எறக்கச் சொல்லுங்க பாப்போம், ஆடி பத்துக்கு மேல!"

மைதீன் பாய் சிரித்த சிரிப்பில் பீடி விழுந்துவிட்டது. போன ஆடிக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆடி 9, வியாழன்

மலையிலிருந்து சாரல் வந்து வந்து போகிறது. இன்று பதினோரு தடவை கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தென்னங்கயிறு நனைந்தால் சுருங்கும். இறக்கை வளையத்தைப் பிடித்து இழுக்கும். அப்போது ஒரு விரல்கட்டை இளக்கிவிட வேண்டும். வெயில் வந்து காய்ந்தால் நீளும். மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு நாளாக இதே பாடு.

"என்னலே, கயித்துக்குக் காய்ச்சலா? மணிக்கொருக்கத் தொட்டுப் பாக்க?" என்றான் அண்ணன்.

"கட்டுனா கட்டுனதுதான். இவர மாதிரிக் கயித்தத் தடவுற ஆம்பளைய நான் பாத்ததில்ல அத்தான்" என்றாள் ஆவுடை.

"போன வருஷம் இவ்வளவு தடவலயே?" என்றார் மைதீன் பாய். சும்மாதான் கேட்டார்.

"ராசி பாய்" என்றேன். "தொட்டுப் பார்த்தா ராசி."

கஞ்சி இறங்கவில்லை. சாரல் குளிராக இருக்கும்.

ஆடி 12, ஞாயிறு

கேப்டனுக்குக் கம்பெனியிலிருந்து கடுதாசி. எல்லாரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டு வாசித்தார். மதராஸிலிருந்து நரசிம்மலு நாயுடு என்ற பெரிய ஆபீசர் ஆடி பதினேழாம் தேதி வருகிறார். போன வருஷம் ஒன்று போனது. இந்தப் பொட்டலில் விமானம் வைக்கலாமா, கூடாதா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார். கூடாது என்றால் விமானம் ஆந்திராவுக்குப் போகும், பொட்டலை மூடுவார்கள்.

"எங்களுக்கு என்ன ஐயா, மாடு மேய்ச்சிக்கிடுவோம்" என்றான் அண்ணன்.

கேப்டன் மைதீன் பாயைப் பார்த்தார். "பாய்க்குத்தான் சங்கடம். பொட்டலை மூடினா, அந்தக் காகிதத்தோட வெளிய போகணும். கவ்வி மாட்டாத மெக்கானிக்குன்னு எழுதினத கையில வச்சிக்கிட்டு எந்தக் கம்பெனியில போயி நிப்பாரு? பிளேன்பக்கமே யாரும் விடமாட்டான்."

மைதீன் பாய் துணியால் ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபள என்றிருந்த திருகாணி.

"நான் மாட்டுனேன் ஐயா" என்றார் மெதுவாக. "எத்தனை தடவை சொல்ல? இந்தக் கையால மாட்டுனேன்."

"எனக்குத் தெரியும் பாய். கவிழ்ந்த கெடையில கவ்வியக் காணலன்னு எழுதிட்டான். காத்துல எங்க போச்சோ. வேற காரணம் ஒண்ணு நமக்குத் தெரியலையே."

நான் மணல்மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே மூட்டையை மூன்று தடவை கட்டினேன் என்று ஆவுடை வீட்டுக்கு வந்து சொன்னாள்.

ஆடி 13, திங்கள்

மூட்டை நிரப்பினோம். வேறு ஒன்றும் இல்லை.

ஆடி 16, வியாழன்

நாளை நாயுடு. மைதீன் பாய் இறக்கையில் கிழிந்த இடத்துக்கு மேலப்பாளையத்து நெசவுத் துணி வைத்து ஒட்டினார். அண்ணன் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசினான்; ஏன் என்று கேட்டால், "ஆபீசர் பாப்பாருல்லா" என்கிறான். ஆவுடை கொட்டகையைப் பெருக்கினாள். பெருக்கினதும் காற்று பழையபடி கொண்டுவந்து கொட்டிற்று. மறுபடி பெருக்கினாள்.

மைதீன் பாயிடம் பேச வேண்டும் என்று பீடி கேட்கிற சாக்கில் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பீடியோடு திரும்பினேன்.

ஆடி 17, வெள்ளி

இது நீளமான நாள். மூக்கம்மாளுக்குக் கை வலிக்கும்.

விடிய நான் கயிறுகளை அவிழ்த்தேன். கேப்டன் களக்காட்டுக்குப் பறந்தார். எட்டு மணிக்குள் வந்துவிடுவேன், ஆபீசர் பார்க்க அழகாக இறக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அண்ணனும் பணகுடிக்கு வண்டி கட்டிப்போய் பஸ்ஸடியில் நாயுடுவை ஏற்றிக்கொண்டோம். நல்ல கனத்த சரீரம். அவர் ஏறியதும் வண்டி பின்னால் சாய்ந்து மாடுகள் தரையைவிட்டு எழும்பப் பார்த்தன.

"முன்னால வந்து இருங்க சாமி, மாடு பறந்துரும்" என்றான் அண்ணன்.

"என்னய்யா ஊர் இது, மாடெல்லாம் பறக்குது" என்றார் அவர். நல்ல மனுஷர் என்று அப்போதே தெரிந்தது. பயமும் கூடவே வந்தது.

பொட்டலுக்கு வரும்போதே காற்று முந்திக்கொண்டது. எட்டு மணிக்குமேல் வர வேண்டிய காற்று ஏழரைக்கே வந்து நாயுடுவின் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. எட்டு ஆயிற்று. விமானத்தைக் காணோம். எட்டரைக்குச் சத்தம் கேட்டது. மருந்துக் குழாய் அடைத்துக்கொண்டு நேரமாகிவிட்டதாம், அப்புறம் சொன்னார்.

மேற்கே மூக்கை வைத்துக்கொண்டு வந்தார். வந்தார் என்று சொல்லக் கூடாது, நின்றார். எங்கள் தலைக்கு மேலே பனைமரம் உயரத்தில் விமானம் வல்லூறு மாதிரி அசையாமல் நின்றது. மிஷின் ஓடுகிறது, காற்றும் அவ்வளவு வேகத்தில் எதிரே வருகிறது. பிறகு கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேரே கீழே இறங்க ஆரம்பித்தது.

"தொட்டதும் புடிக்கணும்லே!" என்று கத்தினார் மைதீன் பாய். "மூக்குக் காத்தாடிக்கு முன்னால போயிராத, தலை போயிரும்! கம்பியப் புடி!"

சக்கரம் தரையைத் தொட்டது. இந்தக் காற்றில் கேப்டன் மிஷினை அடக்கினால் விமானம் பின்னாலே போய்ப் புரளும். அடக்காவிட்டால் மறுபடி எழும்பும். நாங்கள்தான் கனம். இடது இறக்கைக் கம்பியில் நானும் மைதீன் பாயும் தொங்கினோம். வலது கம்பியில் ஆவுடை தாவி ஏறினாள், அண்ணனும் பிடித்தான். அப்படியே இருபது தப்படி நடத்திக் குழியில் இறக்கினோம். நான் தடி கொடுத்தேன். அண்ணன் மாட்டை அவிழ்த்து வண்டியைத் தள்ளிவந்தான். நாயுடு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார். வாலைத் தூக்கி வண்டிமேல் வைத்தோம். மூக்கு தாழ்ந்தது. இறக்கை கொஞ்சம் அமைதியானது.

"வாலை யார் அமுக்கிப் பிடிக்கிறது?" என்றார் நாயுடு. கேட்டுவிட்டுத் தன்னையே ஒருதரம் பார்த்துக்கொண்டார். வண்டியில் ஏறி வாலை மடியில் வைத்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் வால் அசையவில்லை.

"கயிறு கொண்டா தாயி!" என்றார் மைதீன் பாய்.

ஆவுடை இறங்கி ஓடிப்போய்க் கொட்டகைத் தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து ஐந்து கயிற்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள். சொட்டச் சொட்ட.

"நீங்க பணகுடி போனதும் பூராவையும் ஊறப்போட்டுட்டேன்" என்றாள் என்னிடம், பெருமையாக. "ஆபீசர் வாராருல்லா. தேர் வடத்தை ஊறவச்சிதான இழுப்பாக? நல்லா வாகா வரும், முடிச்சு நழுவாது."

மைதீன் பாய் கயிற்றை வாங்கி வளையத்தில் நுழைத்தார்.

"கட்டாதிங்க!" என்றேன்.

"ஏன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஈரக் கயிறு பாய். இப்ப முறுக்கமா இருக்கும். இந்தக் காத்துல ரெண்டு மணி நேரத்துல காஞ்சிரும். காஞ்சா நீளும். சாணளவு தொய்வு விழும், இந்தக் காத்துல அவுத்து இழுத்துக் கட்டவும் முடியாது. தொய்வுல பிளேன் ஏறி ஏறிக் குதிக்கும். குதிச்சுக் குதிச்சே முளையப் புடுங்கிட்டுப் போயிரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மைதீன் பாய்.

"போன வருஷம் நான்தான் ஊறப்போட்டேன். தேர் வடம் மாதிரி. கவ்வி மாட்டித்தான் இருந்தது பாய். நான் பார்த்தேன். அது குதிச்ச குதியில தெறிச்சுப் போச்சு. சொல்லல. மூக்கம்மா அப்பதான் பிறந்திருந்தா. வேலை போயிரும்னு சொல்லல."

ஆவுடை கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கயிறு இன்று காய்ந்து கிடந்திருக்கும்.

முதலில் அசைந்தது அவள்தான். ஐந்து கயிற்றையும் வாரிக்கொண்டு ஓடி, முள்வேலியில் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிக் காயப்போட்டாள். திரும்பிவந்து கம்பியில் தொங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மைதீன் பாய் என் பக்கத்தில், ஒரே கம்பியில், ஒரு முழ தூரத்தில். முகம் செம்பு மாதிரி இருந்தது.

"ஒரு வருஷம்லே. என் மாமனார் வீட்டுல தலை நிமிர்ந்து சோறு திங்கல நான்."

"தெரியும் பாய்."

"இந்தக் கையை மட்டும் எடுக்க முடிஞ்சா ஒன்ன ஒரு அறை அறைஞ்சிருப்பேன்."

"எடுத்துராதிங்க பாய், பிளேன் போயிரும்."

"தெரியும்லே! அதான வயிறு எரியுது!"

கேப்டன் உள்ளே கைப்பிடியை முன்னால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஜன்னல் வழியாக, "அடிக்கிறதுன்னா ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுக் காலால ஒதைங்க பாய், நான் பாக்கல" என்றார்.

இரண்டு மணி நேரம் அப்படியே தொங்கினோம். நாயுடு வண்டியில் இருந்தபடி தன் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பாதி காற்றோடு போயிற்று, மீதியை உருண்டை பிடித்து அண்ணன் வாயைப் பார்த்து எறிந்தார். மூன்றில் ஒன்று விழுந்தது. அண்ணன் மென்றுகொண்டே, "உப்பு கம்மி சாமி" என்றான். ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது.

கயிறு காய்ந்தது. நான் தொட்டுப் பார்த்துச் சொல்ல, மைதீன் பாய் கட்டினார். ஐந்து கட்டும் முடிந்து, இறக்கைமேல் மணல்மூட்டை வைத்து, எல்லாரும் கையை எடுத்தோம். விமானம் நின்றது.

மைதீன் பாய் கையை இரண்டு தரம் உதறினார். நேரே வந்து என்னை ஒரு அறை அறைந்தார். பிறகு ஆவுடையிடம், "தாயி, டீ போடு. இவனுக்கும் சேத்து" என்றார்.

"இவருக்கு எதுக்கு?" என்றாள் ஆவுடை. ஆனால் போட்டாள்.

ஆடி 18, சனி

பெருக்கு. ஊரெல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டது. நாங்கள் கொட்டகையில் நாயுடுவின் முன்னால் நின்றோம்.

அவர் மைதீன் பாயின் பழைய காகிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார். புதுக் காகிதம் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டார். மைதீன் பாய் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழிந்த துண்டுகளையும் மடித்துப் பையில் வைத்தார். எதற்கு என்றதற்கு, "மாமனாருக்குக் காட்ட வேண்டாமா?" என்றார்.

பிறகு என்னிடம் வந்தார் நாயுடு. "உனக்குக் கயித்துக்காரன் வேலை இல்லய்யா. நேத்தோட போச்சு."

"சரிங்க சாமி."

"பொட்டல் இருக்கும். பிளேனும் இருக்கும். அந்தக் காத்துல நின்னு காட்டிட்டீங்க. கயித்துக்காரங்க ஒருத்தர் வேணும். அம்மா, உன் பேர் என்ன?"

ஆவுடை பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ என்று.

"உன்னைத்தான். தப்புன்னு கேட்டதும் ஒரு வார்த்தை பேசாம கயித்தைக் கொண்டுபோய் வேலியில போட்டே. உன் வீட்டுக்காரன் அதையே ஒரு வருஷம் வாய்க்குள்ள வச்சிருந்தான். இனிமே நீ கட்டு. கூடமாட ஒத்தாசைக்கு வேணும்னா யாராவது ஒரு ஆளைச் சேர்த்துக்கோ."

ஆவுடை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவரு வேண்டாம் சாமி" என்றாள். கேப்டன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவள் என்னைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு, "சரி, பாவம், இருந்துட்டுப் போகட்டும். சொன்னதச் செய்யணும்" என்றாள்.



குரோதி வருஷம், ஆடி 18, சனி

இன்றும் பெருக்கு, இன்றும் சனிக்கிழமை. அதற்கப்புறம் பதினோரு ஆடி ஆவுடை கட்டினாள், நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன், ஒரு விமானமும் கவிழவில்லை. பொட்டலில் இப்போது காற்றாலை சுற்றுகிறது. மூக்கம்மாள், "அந்த ஆறு பேரும் என்னப்பா ஆனாங்க?" என்று கேட்கிறாள்.

நாயுடு மதராஸிலேயே காலமானார். கடைசிவரை பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. அண்ணன் ஐயம்பெருமாள் வண்டியை விற்ற வருஷம் போனான். கோயில்பிள்ளை ஐயா நாசரேத்தில் தன் கட்டிலிலேயே, தூக்கத்தில். ஆவுடை போன தையில் போனாள், என்னை வேலைக்கு வைத்தபடியே. என்னை விட்டுவிட்டு எண்ணினால் மிச்சம் ஒருவர். எண்பத்தெட்டு வயது, கண் மங்கல், வாய் மங்கவில்லை. மேலப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், மைதீன் பாய்.